எட்டில் ஒன்று

எல்லை வரை நிலக்கரி லாரிகள்.
ஒன்றன் பின்புறத்தை ஒன்று முகர்ந்தபடி
நாற்பது கிலோமீட்டர்.
கோபியில் மார்ச் மாதம்.
வானத்தில் தேடினாலும் ஒரு மேகமில்லை.

மேகம் இரத்தத்தில் என்று
ஹந்த்சூரென் சொல்லவில்லை.
செவிலி அவள்; சிபிலிஸ் என்றுதான் சொன்னாள்,
கதவைச் சாத்திவிட்டு,
உப்புத் தேநீரை
உரன்பிலெக்கின் பக்கம் நகர்த்திவிட்டு.
"உனக்கு எங்கும் வலிக்கவில்லை, இல்லையா?
அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்."

வந்தது ஒரே ஒரு கேள்வியோடு:
இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா?

முதலாவது,
போன வருடத்துக் குளிரில், ஏழாம் மாதம்.
பனி சாலையை மூடிக்கிடந்ததால்
பரிசோதனைக்கு வராத ஏழு மாதம்.
ஓர் இரவு உதை நின்றது.
காலையில் எழுந்து அடுப்பு மூட்டினாள்.
சாணம் எரிந்து தணலாகிச் சாம்பலான பின்னும்
நின்றே இருந்தது.

வழுக்கி விழுந்தாயா என்றாள் மாமியார்.
பாரம் தூக்கினாயா என்றாள் அக்கா.
தூக்கினேன், ஒரு வாளித் தண்ணீர்.
அன்றிலிருந்து அந்த வாளி
கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே
தலைகுப்புறக் கிடக்கிறது
தண்டனை பெற்றதைப்போல.

"வாளி இல்லை" என்றாள் ஹந்த்சூரென்.
பிறகு தாளைக் காட்டினாள்:
முப்பத்திரண்டில் ஒன்று.

யாரிடமிருந்து யாருக்கு?
"ஊசிக்கு அது தெரிய வேண்டியதில்லை.
உனக்கு மூன்று வியாழன், அவனுக்கு மூன்று வியாழன்.
ஒருவருக்கு மட்டும் போட்டால்
ஓட்டைச் சட்டியில் பால் கறப்பதுதான்."

அவன் வரிசையில் இருந்தான்.
நானூற்றுப் பதினேழாம் எண் லாரி, தவாசம்பூ.
தொலைபேசியில் வெகுநேரம்
எஞ்சின் மட்டும் பேசியது.
நாளை எல்லை திறக்கும் என்றான்.
திறக்கட்டும் என்றாள்.

குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ஜீப்பில் வந்தார்கள் இருவரும்.
கரி அப்பிய முகத்தில்
கண்கள் மட்டும் அவனுடையவை.
இருக்கைக்குப் பின்னாலிருந்த பலகையில்
குப்புறப் படுத்தான்.
மருந்து கெட்டியானது, மெதுவாகத்தான் இறங்கும்.
முன்னால் வரிசை நகர்ந்தது.
பின்னால் ஹாரன்கள், வசவுகள்.
அவன் அசையவில்லை.
காற்றில் அடித்துக்கொண்ட கதவை
வெளியே நின்று இரு கையாலும் பிடித்திருந்தாள் அவள்.
ஏழு லாரிகள் முந்திப் போயின.
எட்டாவது போகும்போது
"சாலையோர விடுதியில், இருமுறை" என்றான்,
தலையணைக்குள்.

காற்றில் கேட்கவில்லை என்று
நினைத்துக்கொள்ளலாம்.
அவள் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை.
ஆனால் கதவை விடவுமில்லை.

பிள்ளை வேண்டும் என்பதற்காகவே
மருந்துக்கடையில் உறை வாங்கிய கோடை அது.
ஒரே போர்வைக்குள்
இரண்டு விரோதிகளைப்போல் தூங்கினார்கள் சில வாரம்.
பிறகு, விரோதிகளைப்போல் அல்லாமல்.
புல் மஞ்சளானபோது பதினாறில் ஒன்று.
முதல் பனிக்கு
எட்டில் ஒன்று.
"இது போதும். மிச்சம் வடுவைப்போல,
ஆயுசுக்கும் இருந்தாலும் இருக்கும்.
வயிற்றில் தங்கியதும் வா,
நாள் தள்ளிய அந்த வாரமே வா.
பனியென்றால் நான் வருகிறேன்."

பிள்ளையை இழந்த வீடுகளில் அங்கே
அடுத்ததற்கு எனேபிஷ் என்று பெயரிடுவதுண்டு.
இது அல்ல என்று பொருள்.
தேடிவரும் தீங்கு
வாசலில் பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுமாம்.
மாமியார் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

உரன்பிலெக் தலையாட்டினாள்.
தீங்கைத் திருப்பியனுப்பியது
ஆறு ஊசிகள் என்று
அந்தக் கிழவியிடம் எப்படிச் சொல்வது.

வெளியே போய்
பனியில் ஒட்டிக் கிடந்த வாளியை
காலால் தட்டிப் பெயர்த்தாள்.
நிமிர்த்தினாள்.
அடியில் ஒரு வட்டம், வெளிறிய மண்,
ஒரு தலையளவு.
அங்கே குனிந்து
முதலாவதற்குத் தான் வைத்திருந்த பெயரை
ஒருமுறை சொன்னாள்.
அதை யாரும் கேட்டதில்லை இதுவரை.

பிறகு தண்ணீருக்குப் போனாள்.